முப்பது ரேண்ட் ஊறுகாய் பாட்டிலில் கைக்கு வருவது எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டு அடுப்பில் தொடங்கிப் பிறகு ஒரு சின்ன ஷெட் பிடித்து ஊறுகாயோ மசாலாத்தூளோ செய்து விற்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். ஒரு கட்டத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பெரிய சூப்பர்மார்க்கெட்டில் நம் சரக்கை எப்படி ஏற்றுவது? ஏற்றிவிடலாம், அதற்கு வழி உண்டு. ஏற்றிய பிறகு நிற்பதுதான் கஷ்டம். கடைக்காகச் சரக்கு வாங்கும் பையர் வாயால் சொல்லும் விலையைப் பிடித்துக்கொண்டு, அவர் நீட்டும் 'டிரேடிங் டேர்ம்ஸ்' என்ற வியாபார நிபந்தனைத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய கடையின் பிடி விலைப் பேச்சில் தெரியாது. அது முழுக்க அந்தத் தாளில் இருக்கிறது.

ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். 400 கிராம் மாங்காய் ஊறுகாய். கடைக்கு நீங்கள் போடும் விலை, வாட் இல்லாமல் 30 ரேண்ட். மாங்காய், எண்ணெய், மசாலா, பாட்டில், மூடி, லேபிள், கூலி, மின்சாரம், கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு எல்லாம் சேர்த்து அடக்கம் 22 ரேண்ட் என்று வைப்போம். பாட்டிலுக்கு 8 ரேண்ட் மிச்சம் என்று மனம் கணக்குப் போடும். இப்போது தாளைத் திறப்போம். இங்கே நான் போடும் சதவீதங்கள் கணக்குக் காட்டுவதற்கான மாதிரி. உங்கள் தாளில் உள்ளதை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிபேட், அதாவது வாங்கிய தொகையில் கடைக்குத் திரும்பக் கொடுக்கும் கழிவு, 8 சதவீதம். விளம்பரப் படி (அலவன்ஸ்) 3. அவர்களுடைய கிடங்கில் இறக்கிக் கடைகளுக்கு அவர்களே பிரித்து அனுப்புவதற்கு டிஸ்ட்ரிபியூஷன் படி 5. உடைந்தது, ஒழுகியது, வீங்கியது என்று கெட்டுப்போகும் சரக்குக்கு 'ஸ்வெல் அலவன்ஸ்' 2. சொன்ன தேதியில் பணம் கொடுப்பதற்கான செட்டில்மென்ட் கழிவு 2.5. தனித்தனியாகப் படிக்கும்போது எல்லாமே சின்ன எண்கள். கூட்டினால் 20.5 சதவீதம், அதாவது பாட்டிலுக்கு 6.15 ரேண்ட். உங்கள் கைக்கு வருவது 23.85. அடக்கம் 22 போக மிச்சம் 1.85 ரேண்ட்.

அதே பாட்டிலைக் கடைப் பக்கமிருந்து பாருங்கள். 30 ரேண்டுக்கு மேல் 35 சதவீதம் ஏற்றினால் 40.50. அதன் மேல் 15 சதவீத வாட். அலமாரியில் ஏறத்தாழ 46.60 ரேண்ட் என்று நிற்கும். கடைக்கு ஏற்றிய 10.50, அதோடு உங்களிடம் பிடித்த 6.15, ஆக 16.65. செய்தவருக்கு 1.85. கடைக்கும் வாடகை, மின்சாரம், சம்பளம், திருட்டு, அழுகல் எல்லாம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செலவுகளில் ஒரு பகுதியை விளம்பரப் படி, டிஸ்ட்ரிபியூஷன் படி என்ற பெயரில் நீங்களே ஏற்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது பணம் வரும் நாள். "60 நாள்" என்று எழுதியிருந்தால் அது சரக்கு இறக்கிய நாளிலிருந்து 60 நாளா, மாதக் கடைசியில் போடும் ஸ்டேட்மென்ட் (கணக்குத் தாள்) தேதியிலிருந்து 60 நாளா என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் தேதிதான். மார்ச் 3ஆம் தேதி இறக்கிய சரக்குக்கு ஸ்டேட்மென்ட் மார்ச் 31. அதிலிருந்து 60 நாள் என்றால் மே 30. ஆக 88 நாள். மாதம் 1,000 பாட்டில் கொடுக்கிறவர் மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதச் சரக்கையும் தன் காசில் செய்து கொடுத்த பிறகுதான் முதல் பணத்தைக் கண்ணால் பார்ப்பார். 66,000 ரேண்ட் வெளியே நிற்கும். ஆண்டுக்கு 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் மாதம் 770 ரேண்ட் வட்டி. மாத லாபம் 1,850ல் அது போக 1,080. ஓர் ஆளின் ஒரு வாரக் கூலி கூட ஒழுங்காகத் தேறாது.

இந்த நிலையில் பையரிடமிருந்து ஒரு மெயில் வரும்: தீபாவளிக்குப் பாட்டிலுக்கு 5 ரேண்ட் குறைத்து விற்கிறோம், நோட்டீஸில் படம் போடுகிறோம், குறைப்பு உங்கள் கணக்கில். சந்தோஷமாகச் சரி என்று சொல்லிவிடுவோம். 1,500 பாட்டில் ஓடும். ஒவ்வொன்றிலும் 1.85 லாபம் போய் 3.15 நஷ்டம். மொத்தம் 4,725 ரேண்ட், அதாவது வட்டி போன பிறகு கையில் நின்ற நாலு மாத மிச்சத்துக்கும் மேல். நன்றாக விற்றதால் நஷ்டம் கூடியது. லாயல்டி கார்டு விலை, மாதக் கடைசி ஸ்பெஷல், புதுக் கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: குறைக்கும் காசு யாருடையது? எத்தனை பாட்டில் வரை? எந்தத் தேதி வரை? அலமாரியில் குறைத்து விற்ற எண்ணிக்கைக்கு மட்டுமா, அந்த நாட்களில் கிடங்குக்கு வாங்கிய எல்லாவற்றுக்குமா? இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். குறைந்த விலையில் மூன்று மாதச் சரக்கை வாங்கிக் கிடங்கில் வைத்துக்கொண்டு, ஸ்பெஷல் முடிந்த பிறகு பழைய விலைக்கு விற்பதற்கு அது வாசல் திறந்துவிடும்.

அப்படியானால் என்ன விலை சொல்வது? இங்கேதான் பலரும் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். அடக்கம் 22, வட்டி 0.77, நியாயமான லாபம் 5, ஆக 27.77 கைக்கு வர வேண்டும். பிடித்தம் 20.5 சதவீதம்தானே என்று 27.77ன் மேல் 20.5 சதவீதம் ஏற்றி 33.46 என்று சொல்வார்கள். பிடித்தம் கழிவது 33.46லிருந்து. கைக்கு வருவது 26.60. பாட்டிலுக்கு 1.17 ரேண்ட் காணாமல் போகும். சரியான வழி வகுப்பது: 27.77ஐ 0.795ஆல் வகுத்தால் 34.93. 34.95 என்று சொல்லுங்கள். அலமாரியில் அது 54 ரேண்ட் சொச்சத்துக்கு வரும். அந்த விலைக்கு ஜனங்கள் வாங்குவார்களா என்று அப்போதே யோசித்து, வாங்க மாட்டார்கள் என்றால் அந்தக் கடையை விட்டுவிடுவது நல்லது. பாட்டிலை 325 கிராமாகக் குறைப்பதும் ஒரு வழி. ஆனால் எண்ணெயில் குறைக்காதீர்கள். மேலே எண்ணெய் மூடி நிற்காத ஊறுகாய் பூசணம் பிடித்துத் திரும்பி வரும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

ஸ்வெல் அலவன்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரட்டைப் பிடித்தம் அதிகம் நடக்கும் இடம் இதுதான். அந்த 2 சதவீதம் கெட்டுப்போகிற சரக்குக்கு முன்கூட்டியே கொடுக்கிற மொத்த ஈடு. அதைக் கொடுத்த பிறகு ஒரு கடை உடைந்த 6 பாட்டிலுக்குத் தனியாகக் க்ளெய்ம் போடக் கூடாது. ஆனால் கிளைக் கடையில் இருப்பவருக்குத் தலைமை அலுவலகத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. அவர் தன் பாட்டுக்குக் க்ளெய்ம் எழுதுவார், கணக்குப் பிரிவு பிடித்துவிடும். மாதம் ஒருமுறை பணம் போட்ட ரெமிட்டன்ஸ் தாளை எடுத்து, 'டேமேஜ்', 'ரிட்டர்ன்' என்று வரும் ஒவ்வொரு வரியையும் தனியாகக் குறித்து எழுத்தில் திரும்பக் கேளுங்கள். செட்டில்மென்ட் கழிவும் அப்படித்தான். பணம் 60 நாளில் வந்தால்தான் அந்த 2.5 சதவீதம் அவர்களுக்கு. 75ஆம் நாள் போட்டுவிட்டுக் கழிவையும் எடுத்திருந்தால் திரும்பக் கேட்பது உங்கள் உரிமை. கேட்காத வரை யாரும் தானாகத் தர மாட்டார்கள்.

கதவுக்குள் நுழைய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையற்கூடத்துக்கு 2018ஆம் ஆண்டு ஆர் 638 ஒழுங்குவிதிப்படி நகராட்சிச் சுகாதார அதிகாரி தரும் தகுதிச் சான்று. லேபிள் 2010ஆம் ஆண்டு ஆர் 146 விதிப்படி: சேர்மானங்கள் எடையின் இறங்கு வரிசையில் இருக்க வேண்டும், வேர்க்கடலை போன்ற ஒவ்வாமைப் பொருளை மறைக்கக் கூடாது. ஜி.எஸ்.1 அமைப்பில் வாங்கிய பார்கோடு. தென்னாப்பிரிக்காவில் பதிவான எண்கள் 600 அல்லது 601ல் தொடங்கும். இணையத்தில் மலிவாக விற்கும் எண்ணை வாங்கினால் பெரிய கடையின் முறையில் அது வேறு யார் பெயரிலோ நிற்கும். சரக்கு இறங்கும் நாளில் அதன் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்காவது மீதமிருக்க வேண்டும் என்று பெரும்பாலான கடைகள் கேட்கும். மாங்காய் இங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் மலிவு. அப்போதே மாங்காயை உப்பில் போட்டு டிரம்மில் வைத்து, ஆர்டர் வந்த பிறகு மசாலா சேர்த்துப் பாட்டிலில் அடைப்பவருக்கு இந்த நிபந்தனை சுமையில்லை. சீசனிலேயே எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்துத் தேதி குத்திவிட்டவர் ஆகஸ்ட் மாதம் திருப்பி அனுப்பப்படுவார்.

இனி இறக்கும் இடம். கடையின் பின்கதவில் நடக்கும் அரைமணி நேரத்தில்தான் நிறையப் பணம் தொலைகிறது. டெலிவரி நோட் மூன்று பிரதி. பெட்டி பெட்டியாக அவர்கள் ஆள் முன்னால் எண்ண வேண்டும். அவர் ஸ்கேன் செய்து ஜி.ஆர்.வி. என்ற சரக்குப் பெற்ற சீட்டை அச்செடுத்துக் கொடுப்பார். கடைசியில் உங்களுக்குப் பணம் வருவது அந்த ஜி.ஆர்.வி.யில் உள்ள எண்ணிக்கைக்குத்தான், உங்கள் இன்வாய்ஸில் உள்ளதற்கு இல்லை. டிரைவர் தம்பிக்கு இதை ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். 40 பெட்டி இறக்கி ஜி.ஆர்.வி.யில் 38 என்று வந்தால், வண்டியை எடுக்காமல் அங்கேயே மறுபடி எண்ணச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே 38தான் என்றால் டெலிவரி நோட்டில் 38 என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரை இல்லாத தாளோடு திரும்பக் கூடாது. பேலட்டில் அடுக்கிய சரக்கைச் சுற்றிப் படலம் ஒட்டிய பிறகு நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும். மூன்று வாரம் கழித்து "குறைவாக வந்தது" என்று ஒரு க்ளெய்ம் வரும்போது அந்தப் படம் பேசும். பேலட் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், அதை அவர்கள் பெயருக்கு மாற்றிய சீட்டையும் வாங்குங்கள். வாங்காவிட்டால் அது அங்கே கிடக்கும், வாடகை உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கீரைக்காரர்கள் கதை வேறு. கொத்துமல்லி, புதினா, வெந்தயக்கீரை, கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய் இவற்றை நேட்டாலில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டவர்கள் நம் மக்கள். ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்த பிறகு சின்னச் சின்ன நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டுத்தான் டர்பன் நகரத்துக்கே சோற்றோடு கறி கொடுத்தார்கள். அவர்களுக்கு இன்று இரண்டு வழி. ஒன்று கிளேர்வுட்டில் உள்ள நகராட்சி மொத்தச் சந்தை. ஏஜென்டிடம் சரக்கைக் கொடுத்தால் அவர் விற்று, சந்தைக்கு 5 சதவீதமும் தனக்கு 7.5 சதவீதம் வரையும் எடுத்துக்கொண்டு சில நாளில் பணம் போட்டுவிடுவார். விலை ஏறும் இறங்கும், ஆனால் கணக்குத் தெளிவு. விற்ற பணம் அறக்கணக்கில் நிற்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இன்னொரு வழி, சூப்பர்மார்க்கெட்டுக்காகத் தரம் பிரித்து உறையிடும் பேக்ஹவுஸுக்கு நேராகக் கொடுப்பது.

1,000 கட்டுக் கொத்துமல்லியை வைத்துப் பார்ப்போம். இதுவும் மாதிரிக் கணக்கு. சந்தையில் கட்டு 4.50 ரேண்ட். 12.5 சதவீதக் கமிஷன் போனால் 3,937. கமிஷன் மீதான வாட்டை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சூப்பர்மார்க்கெட்டில் கட்டு 6 ரேண்ட், ரிபேட் 8 சதவீதம் போனால் 5.52. ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் உறை, ஸ்டிக்கர், குளிர்வண்டி என்று 1.30 கூடுதல் செலவு. திருப்பி அனுப்பிய கட்டை மறுநாள் சந்தையில் 2 ரேண்டுக்குத்தான் தள்ள முடியும். கணக்குப் போட்டால், நூற்றுக்கு 8 கட்டு திருப்பப்பட்டாலே இரண்டு வழியும் சமமாகிவிடுகிறது. எட்டுக்கு மேல் போனால் பழைய சந்தையே மேல். 15 கட்டு திரும்பினால் 245 ரேண்ட் நஷ்டம், நாள் பூராவும் பட்ட அலைச்சல் தனி.

திருப்பப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் கீரையின் தரம் இல்லை, சூடு. கொத்துமல்லி 0லிருந்து 2 டிகிரிக்குள் இருந்தால் இரண்டு வாரம் வரை பச்சையாக நிற்கும். வெயில் ஏறிய பிறகு அறுத்துத் திறந்த பக்கி (பிக்கப்) வண்டியில் ஏற்றிக்கொண்டு என்-2 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வந்தால், இறக்கும் இடத்தில் கட்டுக்குள் தெர்மாமீட்டரைச் செருகும்போதே முடிந்துவிட்டது. விடியற்காலை 4 மணிக்கு அறுத்து, நிழலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நீர் வடிய விட்டு, கட்டுகளை நெருக்காமல் கிரேட்டில் நிறுத்தி, மேலே ஈரச் சாக்கு போட்டு வெயிலுக்கு முன் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை குறையும். பனிக்கட்டியை இலை மேல் நேரடியாகப் போடக் கூடாது, கருகிவிடும். மீதிப் பாதிக்குக் குளிர்வண்டிதான் வேண்டும். தனி ஒருவரால் முடியாது. அக்கம்பக்கத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வண்டியை வாடகைக்கு எடுப்பதே இதில் நடைமுறைக்கு ஒத்து வருகிறது. திருப்பும்போது காரணம், வெப்பநிலை, நேரம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் முந்தைய நாள் சரக்கு மிஞ்சிக் கிடந்தால் "தரம் இல்லை" என்று வாயால் சொல்லித் திருப்புவது சுலபம். எழுதித் தரச் சொன்னால் அவ்வளவு சுலபம் இல்லை.

சின்னக் கடைக்காரர்கள் பக்கம் வருவோம். அவர்களை நெருக்கும் தாள் வாடகை ஒப்பந்தம். ஒரு மால் கட்டுகிறவர் வங்கியில் கடன் கேட்கப் போனால், எந்த சூப்பர்மார்க்கெட் வருகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பெரிய கடை கையெழுத்துப் போட்டால்தான் கட்டடமே எழும். அந்த இடத்தில் நின்றுகொண்டு அது கேட்டதைக் கேட்கும்: சதுர மீட்டருக்குக் குறைந்த வாடகை, அதோடு ஒரு விதி. இந்த வளாகத்தில் இன்னொரு மளிகைக்கடை கூடாது, சில இடங்களில் இறைச்சிக்கடை, காய்கறிக்கடை, பேக்கரி கூடக் கூடாது. ஒப்பந்தம் பத்தாண்டு, நீட்டிப்பு, மறு நீட்டிப்பு என்று ஒரு தலைமுறையே ஓடிவிடும். மால் வருமுன் அதே தெருவில் நாற்பது வருடமாக மசாலா அரைத்துக் கொடுத்த கடைக்குப் புது வளாகத்துக்குள் இடம் கிடைக்காமல் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். உள்ளே இடம் கிடைத்த சின்னக் கடையோ பெரிய கடையைவிடப் பல மடங்கு வாடகை கொடுக்கிறது.

பெரியவர்களுக்கே இந்த விதி வலித்தது. 2014இல் மாஸ்மார்ட் நிறுவனம், தன் கேம் கடைகளில் மளிகை விற்கத் தொடங்கியபோது, ஷாப்ரைட், பிக் அன் பே, ஸ்பார் மூன்றின் மேலும் இதே விதியை எதிர்த்து, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் 2015இல் மளிகைச் சில்லறை விற்பனைச் சந்தை விசாரணையைத் தொடங்கி 2019 நவம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. சின்னக் கடைகளுக்கும் தனிப்பொருள் கடைகளுக்கும் எதிராக இந்த விதியை உடனே நிறுத்த வேண்டும், மற்றவர்களுக்கு எதிராகவும் ஐந்தாண்டுக்குள் கைவிட வேண்டும் என்று அது சொன்னது. 2020இல் ஷாப்ரைட் ஆணையத்தோடு உடன்பாடு செய்துகொண்டு சின்னக் கடைகளுக்கு எதிராக இந்த விதியைப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டது. பிக் அன் பேயும் அந்த வழியில் வந்தது. எனவே இன்றைக்கு ஒரு மால் மேலாளர் "பெரிய கடை ஒத்துக்காது, அதனால் உங்களுக்கு இடம் இல்லை" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. எந்தக் கடை, ஒப்பந்தத்தின் எந்த விதி என்று மெயிலில் கேளுங்கள். அப்படிக் கேட்டதுமே இடம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் வந்த மறுப்பு கையில் இருந்தால்தான் ஆணையத்திடம் போக முடியும்.

வார்விக் அதிகாலைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். விக்டோரியா தெருவில் நம் தோட்டக்காரர்கள் நடத்திய சந்தை 1930களில் வார்விக் அவென்யூவுக்குப் போனது. 2009இல், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன், அந்த இடத்தில் மால் கட்ட டர்பனின் எத்தெக்வினி நகராட்சி முடிவெடுத்தது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும், தள்ளுவண்டியில் சரக்கு இழுக்கிறவர்களும் சேர்ந்து நின்றார்கள், தெருவிலும் நீதிமன்றத்திலும். மால் வரவில்லை. இன்றும் விடியற்காலையில் கீரைக்கட்டும் பச்சை மிளகாயும் அங்கே இறங்குகின்றன. பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது. பர்மிட்டுகளையும் வாடகை ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் வழக்கறிஞர்களுக்குக் கைகொடுக்கலாம்.

இன்னொரு குறை, கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வது: மொத்தக் கடையில் 2 லிட்டர் எண்ணெய் தனக்கு விழும் விலையைவிட சூப்பர்மார்க்கெட் அலமாரியில் மலிவாக இருக்கிறது. வார இறுதி ஸ்பெஷலில் அங்கே போய் டிராலி நிறைய வாங்கி வந்து தன் கடையில் அடுக்குகிறவர்கள் எத்தனையோ பேர். காரணம் முன்னே சொன்ன அதே தாள்தான். எண்ணெய்க் கம்பெனி பெரிய கடைக்குக் கொடுக்கும் ரிபேட்டையும் ஸ்பெஷல் காசையும் மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதில்லை, அதனால் அவர் உங்களுக்குக் கொடுக்கவும் வழியில்லை. சின்னக் கடைகள் சேர்ந்து மொத்தமாக வாங்கும் பையிங் குரூப்பில் சேர்ந்தால் கொஞ்சம் சரியாகும். சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: குரூப்புக்கு வரும் ரிபேட்டில் எத்தனை சதவீதம் உறுப்பினர் கைக்கு வரும், எந்த மாதம் வரும்? ஆண்டுக் கடைசியில் வரும் ரிபேட் அன்றாட விலைப் போட்டிக்கு உதவாது.

சட்டம் என்ன சொல்கிறது? போட்டிச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. வாங்குபவரின் பலம் பற்றிய 8(4) பிரிவும் விலைப் பாகுபாடு பற்றிய 9ஆம் பிரிவின் திருத்தமும் 2020 பிப்ரவரி 13இல் நடைமுறைக்கு வந்தன. ஒழுங்குவிதிகளில் மூன்று துறைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன: விவசாயப் பதப்படுத்தல், மளிகை மொத்த - சில்லறை விற்பனை, இணைய வணிகம். ஊறுகாய், கீரை, மசாலா எல்லாம் உள்ளே வந்துவிடும். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும், இன ஒதுக்கலால் முன்பு பாதிக்கப்பட்டவர்கள் நடத்தும் தொழில்களுக்கும் இந்தப் பாதுகாப்பு. இந்திய வம்சாவளியினர் இதில் சேர்ந்தவர்களே. சந்தையில் மேலாதிக்கம் உள்ள வாங்குபவர் இவர்கள் மேல் நியாயமற்ற விலையையோ நிபந்தனையையோ திணிக்கக் கூடாது. தன் செலவையோ அபாயத்தையோ காரணமில்லாமல் விற்பவர் தலையில் தள்ளுவது, ஒருதலைப்பட்சமான சுமை, ஒப்பந்தத்தின் நோக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத நிபந்தனை ஆகியவை நியாயமற்றவை. இந்தச் சட்டத்துக்குப் பயந்து சின்னவர்களிடம் வாங்குவதையே நிறுத்துவதும் தவறு என்று 8(4) சொல்கிறது.

இதன் பலவீனம் 'மேலாதிக்கம்' என்ற சொல்லில் இருக்கிறது. சந்தையில் 45 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் கேள்வியே இல்லை. 35க்கும் 45க்கும் இடையில் இருந்தால் தனக்குச் சந்தைப் பலம் இல்லை என்று அந்த நிறுவனம்தான் காட்ட வேண்டும். 35க்குக் கீழே போனால் பலம் இருப்பதைப் புகார் செய்கிற பக்கம் நிறுவ வேண்டும். நாடு முழுவதற்கும் பார்த்தால் எந்த ஒரு கடையும் 45ஐ எட்டாமல் போகலாம். அதனால் புகாரில், "நான் செய்யும் இந்தச் சரக்கை இந்த வட்டாரத்தில் வேறு யார் வாங்குவார்கள்? என் விற்பனையில் இந்தக் கடையின் பங்கு எவ்வளவு?" என்று உங்கள் சந்தையைக் குறுக்கிக் காட்டுங்கள். அதற்கு மூன்று வருட விற்பனைக் கணக்கு வேண்டும்.

புகாருக்கு சி.சி.1 படிவம். பிரிட்டோரியாவில் உள்ள ஆணையத்துக்கு மெயிலில் அனுப்பலாம், கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. டிரேடிங் டேர்ம்ஸ் தாள், அதில் பின்னால் செய்த மாற்றங்கள், ரெமிட்டன்ஸ் தாள்கள், ஜி.ஆர்.வி., நீங்கள் எழுதிக் கேட்டதும் அவர்கள் பதில் சொன்னதும் (அல்லது சொல்லாததும்), தேதி வரிசையில் சேர்த்து அனுப்புங்கள். பையர் போனில் சொன்ன நிபந்தனைக்குச் சாட்சி இருக்காது. போன் வைத்த உடனே "இன்று நீங்கள் சொன்னபடி ஏப்ரல் முதல் விளம்பரப் படி 3லிருந்து 5 என்று புரிந்துகொண்டேன், சரிதானா?" என்று ஒரு வரி மெயில் போட்டுவிட்டால் அதுவே ஆவணம்.

புகார் செய்தால் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் ஒரே கடையில் மொத்த விற்பனையையும் வைக்கக் கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்தில் போகவிடாதீர்கள். ஸ்பார் கடைகள் தனித்தனி உரிமையாளர்களுடையவை. கடை முதலாளி நினைத்தால் தன் ஊர்ச் சரக்கை நேராக வாங்கலாம், கிடங்குப் படி இல்லாமல். முதல் அடியை அங்கே வைப்பது நல்லது. வெஸ்ட்கிளிஃபில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட், கோயில் திருவிழா ஸ்டால்கள், 'டீ ரூம்' என்று நாம் சொல்லும் அக்கம்பக்கச் சின்னக் கடைகள் எல்லாம் ரொக்கம். ஊறுகாயைப் பெரிய கடையின் சொந்தப் பெயரில் செய்து தரச் சொன்னால், செய்முறை உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஆண்டு அதே செய்முறையை வேறொருவரிடம் கொடுத்து 2 ரேண்ட் குறைவாகக் கேட்பார்கள்.

கடைசியாகத் தேதி. தவறான நடைமுறை நின்று மூன்று ஆண்டு ஆகிவிட்டால் அதைப் பற்றிப் புகார் எடுக்க முடியாது. உறவு முறிந்து சரக்கு கொடுப்பதை நிறுத்திய பிறகும், பழைய பெட்டியில் கிடக்கும் தாள்களை எரிப்பதற்கு முன் கடைசி ரெமிட்டன்ஸில் உள்ள தேதியைப் பார்த்துவிடுங்கள்.